தோப்பு அறைக்கு வீட்டு இணையத்தைக் கொண்டுசெல்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்புக்குள் வீடு இருக்கிறது, வீட்டிலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி, தோப்பின் மறுகோடியில், செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறையைக் கட்டி அதை அலுவலகமாக்கியிருக்கிறீர்கள். வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு நன்றாக வேலை செய்கிறது. அறையிலோ வைஃபை ஒரு கோடு காட்டுகிறது, அல்லது அதையும் காட்டுவதில்லை. ரிப்பீட்டர் வாங்கி வைத்தும் வீடியோ கூட்டங்கள் பாதியில் அறுந்துபோகின்றன. இன்னும் சக்தி வாய்ந்த ரவுட்டர் வாங்குவதா, மெஷ் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல வைஃபை பெட்டிகள்) வாங்குவதா, கேபிள் இழுப்பதா, கேபிள் என்றால் எந்தக் கேபிள் என்று கேட்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கடியில் ஒரு குழாயைப் பதித்து, அதன் வழியாக உங்கள் சொந்த ஃபைபர் கேபிளைக் கொண்டுபோய், அறைக்குள் தனியாக ஒரு வைஃபை கருவியை வையுங்கள். செப்புக் கம்பி வேண்டாம். பள்ளம் தோண்ட வழியே இல்லை என்றால் மட்டும், இரு முனைகளிலும் திசை ஆண்டெனா வைத்து இணைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் முறைக்குப் போகலாம். இந்த முடிவுக்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால், கடைக்காரர் வேறு ஏதாவது பரிந்துரைக்கும்போது எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று நீங்களே தீர்மானிக்க முடியும்.

சக்தி வாய்ந்த ரவுட்டர் ஏன் பயன்படாது என்பதிலிருந்து தொடங்குவோம். வைஃபை ஒருவழிப் பாதையன்று. ரவுட்டர் அனுப்புவதை மடிக்கணினி கேட்பது போலவே, மடிக்கணினி அனுப்புவதை ரவுட்டரும் கேட்டாக வேண்டும். மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள ஆண்டெனா சிறியது, அனுப்பும் சக்தியும் குறைவு. ஆகவே ரவுட்டரை மட்டும் பெரிதாக்கினால் திரையில் கோடுகள் கூடுமே தவிர, நீங்கள் பேசுவது மறுமுனைக்குப் போய்ச் சேராது. இதற்கு மேல், வீட்டின் ஒன்பது அங்குலச் சுவர், நடுவில் உள்ள மரங்கள், அறையின் தகரக் கூரை எல்லாம் சேர்ந்து அலையைத் தின்றுவிடுகின்றன. தகரத்தை வைஃபை ஊடுருவாது. சுவரும் சன்னலும் விட்டுவைப்பதுதான் உள்ளே வருகிறது.

ரிப்பீட்டர் இதைவிட ஏமாற்றம் தரும். ஒரே ரேடியோ அலைக்கருவியைக் கொண்டு கேட்டதை மீண்டும் ஒலிபரப்பும் சாதாரண ரிப்பீட்டரில் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்வதால், கிடைக்கும் வேகம் பாதியாகக் குறைகிறது. அதை அறைக்குள் வைத்தால், ஏற்கெனவே நலிந்த சமிக்ஞையைத்தான் அது திரும்பச் சொல்லும். மெஷ் கருவிகள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்கின்றன. தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் விலை உயர்ந்த மெஷ்கூட ஒரே கட்டடத்தின் அறைகளுக்கிடையே பேசுவதற்காக வடிவமைக்கப்பட்டதே தவிர, தோப்பைத் தாண்டுவதற்காக அன்று. இரண்டு மெஷ் பெட்டிகளையும் கம்பியால் இணைத்துவிட்டால் அவை அருமையாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் கம்பியைக் கொண்டுசேர்ப்பதுதானே இங்கே கேள்வி?

மின்சாரக் கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரையும் சிலர் பரிந்துரைப்பார்கள். தோப்பில் மும்முனை மின்சாரம் இருக்கும்; வீடு ஒரு ஃபேஸிலும் அறை வேறொரு ஃபேஸிலும் ஓடினாலோ, அறைக்கு வேறு மீட்டரிலிருந்து மின்சாரம் வந்தாலோ அது சரிவர வேலை செய்யாது; நடுவில் இன்வெர்ட்டர் இருந்தாலும் சிக்கல்தான். உங்கள் சூழலில் அதைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

இனி செப்புக் கேபிள். தூரக் கணக்கின்படி பார்த்தால் அது போதும். கேபிள் வழி வலையமைப்புக்கான ஈதர்நெட் தரநிலை ஒரு செப்பு இணைப்புக்கு 100 மீட்டர் வரை அனுமதிக்கிறது. நிலையாகப் பதித்த கேபிள் 90 மீட்டர், இரு முனைகளிலும் செருகும் சிறு கேபிள்கள் 10 மீட்டர் என்பது வழக்கமான பங்கீடு. அந்தத் தூரத்தில் கேட் 5இ கேபிளே ஒரு ஜிகாபிட் வேகத்தைத் தரும். ஆனால் 70 மீட்டர் என்று நீங்கள் சொல்வது நேர்க்கோட்டுத் தூரமாக இருக்கும். வீட்டுக்குள் ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து சுவர் ஏறி இறங்கி, மரங்களைச் சுற்றிக்கொண்டு போனால் அது 90-ஐ எளிதில் தொட்டுவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல முழுச் செம்பு அல்ல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவை தரநிலைக்கு உட்பட்டவையே அல்ல. நீண்ட தூரத்தில் தடுமாறும், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. முறைக்கும் ஒவ்வாதவை. வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற பி.வி.சி. உறைக் கேபிளை வெயிலில் விட்டால் சில ஆண்டுகளில் உறை வெடித்துவிடும்.

ஆனால் இவையெல்லாம் சரிசெய்துகொள்ளக் கூடியவை. செம்பை நான் மறுப்பதற்குக் காரணம் மின்னல். கோடை மழையின்போதும் வடகிழக்குப் பருவமழையின்போதும் தென்னை மரத்தில் இடி விழுவதைத் தோப்பு வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இடி கேபிளின் மேல் நேராக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலே, அந்த மின்னோட்டம் மண்ணில் பரவும்போது, வீட்டு எர்த்துக்கும் அறையின் எர்த்துக்கும் இடையே ஒரு கணம் பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு உண்டாகலாம். இரண்டு கட்டடங்களையும் செப்புக் கம்பியால் இணைத்திருந்தால், அந்த வேறுபாடு தன்னைத் தீர்த்துக்கொள்ளத் தேடும் வழி அந்தக் கம்பிதான். ஈதர்நெட் துளைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது தரநிலை; மின்னலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ரவுட்டர் மட்டும் போவதில்லை, அதில் செருகியிருக்கும் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் சேர்ந்து போகும். உலோக உறையிட்ட கேபிளை இரு முனைகளிலும் எர்த் செய்துவிட்டால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். இரு எர்த்துகளும் வெவ்வேறானவை என்றால் அந்த உறையே மின்னோட்டத்துக்குப் பாதையாகிவிடும். திடீரென எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர்கள் ஓரளவு உதவும். வீட்டை ஒட்டினாற்போல 15, 20 மீட்டரில், அதே மின்பலகையிலிருந்து மின்சாரமும் அதே எர்த்தும் பெறும் அறையாக இருந்தால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான முழுச் செப்புக் கேட் 6 கேபிளும் இரு முனைகளிலும் அரெஸ்டரும் போதும் என்று நானே சொல்லியிருப்பேன். தோப்பின் மறுகோடிக்கு அது பொருந்தாது.

ஃபைபர் என்பது கண்ணாடி. அதில் மின்சாரம் பாயாது. ஆகவே இரண்டு கட்டடங்களும் மின்சார அளவில் ஒன்றையொன்று தொடவே தொடாது. 70 மீட்டர் அதற்கு ஒரு தூரமே அன்று: சாதாரண சிங்கிள் மோடு (ஒளி ஒரே பாதையில் செல்லும் வகை) ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் அளவுக்குத்தான் ஒளி குறைகிறது, உங்கள் தூரத்தில் இழப்பு ஏறக்குறைய இல்லை. ஃபைபர் என்றாலே பெரிய நிறுவனங்களின் வேலை என்ற தயக்கம் பலரிடம் இருக்கிறது. இன்று சிற்றூர்களின் கேபிள் டி.வி. நடத்துநர்களே ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுத்துவிட்டுப் போனவரிடமே கேட்டுப் பாருங்கள். இரு முனைகளையும் ஒட்டித் தருவது அவருக்கு ஒரு மணி நேர வேலை.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, நான்கு கோர் (கண்ணாடி இழை) கொண்ட சிங்கிள் மோடு வெளிப்புறக் கேபிள். தேவைப்படுவது ஒரே கோர்தான். ஆனால் கேபிளின் விலையில் அது பெரிய வேறுபாட்டை உண்டாக்காது, பின்னாளில் ஒரு கோர் ஒடிந்தால் அடுத்ததை ஒட்டிக்கொள்ளலாம். கேபிளுக்கு வலுவூட்ட உள்ளே வைத்திருப்பது இரும்புக் கம்பியா, எஃப்.ஆர்.பி. எனப்படும் கண்ணாடியிழைக் குச்சியா என்று கட்டாயம் கேளுங்கள். மின்னலுக்காகத்தான் ஃபைபருக்கே போகிறோம். அதற்குள் ஓர் இரும்புக் கம்பியை வைத்து இரு கட்டடங்களையும் இணைத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். எஃப்.ஆர்.பி. கிடைக்கவில்லை என்றால், இரும்புக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிட்டுக் கண்ணாடியை மட்டும் உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள். வளைவைத் தாங்கும் ஜி.657 வகைக் கண்ணாடியாக இருந்தால், சுவர் மூலைகளில் கொஞ்சம் கவனக்குறைவாக வளைத்தாலும் தப்பிக்கும்.

இரண்டாவது, ஈதர்நெட் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியைத் திரும்ப ஈதர்நெட்டாகவும் மாற்றும் ஒரு ஜோடி ஜிகாபிட் மீடியா கன்வெர்ட்டர். ஒரே கோரில் இரு திசையிலும் பேசும் வகையில் ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் கேட்கும், மற்றொன்று அதற்கு நேர்மாறாகச் செய்யும். ஆகையால் ஏ, பி என்று குறித்த ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டும் ஏ-யாக வந்துவிட்டால் ஒன்றையொன்று கேட்காது. 10 அல்லது 20 கிலோமீட்டர் என்று குறித்தவை உங்களுக்குப் போதும். தூரம் அதிகம் என்றால் நல்லதுதானே என்று 80 கிலோமீட்டர் வகையை வாங்கினால், இந்தக் குறைந்த தூரத்தில் ஒளி அளவுக்கு மிஞ்சி, அதைப் பெறும் முனை பழுதாகக்கூடும்.

இணைப்பு முனைகளின் நிறத்தையும் பாருங்கள். இணைய நிறுவனத்தின் ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியில் பெரும்பாலும் பச்சை முனை இருக்கும். மீடியா கன்வெர்ட்டரில் நீலம். பச்சை முனையின் கண்ணாடி 8 பாகை சாய்த்துத் தீட்டப்பட்டது, நீலம் அப்படியன்று. இரண்டையும் மாற்றிச் செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முகமும் கீறப்படும். உங்கள் சொந்த ஃபைபருக்கும் நிறுவனத்தின் ஃபைபருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நிறுவனத்தின் ஃபைபரை வீட்டில் பிரித்து அறையில் இன்னொரு ஓ.என்.டி. வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்; ஒவ்வொரு ஓ.என்.டி.யும் நிறுவனத்தின் முனையில் பதிவு செய்யப்பட்டால்தான் உயிர்பெறும். வீட்டு ரவுட்டரின் லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) ஒரு கன்வெர்ட்டர், அறையில் மற்றொன்று, நடுவில் உங்கள் கண்ணாடி. அவ்வளவுதான்.

செலவிலும் உழைப்பிலும் பெரும்பங்கு பள்ளத்துக்குத்தான் போகும், ஆகவே அதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். கேபிளை வெறுமனே மண்ணில் புதைப்பது நம் தோப்புகளில் நீடிக்காது. பெருச்சாளி கடிக்கும், அடுத்த ஆண்டு உரம் வைக்க வருபவரின் மண்வெட்டி வெட்டும். சொட்டுநீருக்கு வாங்கும் கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் சுருளாகவே கிடைக்கும். அதில் ஓர் அங்குலக் குழாயை வாங்கிப் பதித்துவிடுங்கள். சுருளாக வருவதால் நடுவில் மூட்டுகள் இல்லை. மூட்டு இல்லாத இடத்தில் தண்ணீரும் வேரும் நுழைவதில்லை. குழாயைப் பள்ளத்தில் இறக்குவதற்கு முன்பே ஒரு நைலான் கயிற்றை உள்ளே செலுத்தி வையுங்கள். கேபிளை இழுக்கும்போது அந்தக் கயிற்றின் வாலில் இன்னொரு கயிற்றையும் கட்டி அனுப்பினால், நாளை வேறு கேபிள் தேவைப்பட்டாலும் பள்ளம் தோண்ட வேண்டியதில்லை.

பள்ளம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத் தென்னை வரிசையே சொல்லிவிடும். முறையாக நட்ட தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி இருக்கும். உரம் வைக்கும் வட்டப்பாத்தி மரத்திலிருந்து 6 அடி வரை வரும். இரு வரிசைகளுக்கு நடுவே போனால் எந்தப் பாத்தியையும் தொடாமல் கடந்துவிடலாம், பெரிய வேர்க்கற்றையையும் வெட்ட நேராது. ஆழம் 2 அடி இருக்கட்டும். ரோட்டாவேட்டர் ஓர் அடிக்கு மேல் இறங்குவதில்லை என்றாலும், வாய்க்கால் எடுக்கும்போதும் வரப்பை மாற்றும்போதும் கடப்பாரை அதைவிட ஆழமாகப் போகும். அறைக்கான மின்கேபிளும் அதே பள்ளத்தில் வருவதானால், இரண்டுக்கும் நடுவில் ஓர் அடியாவது விட்டு, மின்கேபிளைக் கீழேயும் இந்தக் குழாயை மேலேயும் தனித்தனியாகப் பதியுங்கள்; ஃபைபருக்கு மின்கேபிளால் தொந்தரவு இல்லை, பின்னால் பழுது பார்ப்பவரின் உயிருக்காகச் சொல்கிறேன். இரு முனைகளிலும் குழாயை எல்போ போட்டுச் செங்குத்தாகத் திருப்பாமல் அகலமாக வளைத்துத் தரைக்கு மேல் ஓர் அடி கொண்டுவந்து, வாயை நன்றாக அடைத்துவிட வேண்டும். திறந்திருக்கும் குழாய் எறும்புக்கும் எலிக்கும் வீடு. மூடுவதற்கு முன் பள்ளத்தின் முழு நீளத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மழைக்குப் பிறகு அது எங்கே போகிறது என்று யாருக்கும் நினைவிருக்காது.

குழாய் பதிந்த பிறகே கேபிளின் நீளத்தை முடிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும் கயிற்றை அளந்தால் சரியான கணக்கு கிடைக்கும். இரு முனைகளிலும் ஐந்தாறு மீட்டர் கூடுதலாக விட்டுச் சுருட்டி வைக்க வேண்டும், ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் கொஞ்சம் வீணாகும். கேபிளை மரத்துக்கு மரம் கட்டித் தலைக்கு மேல் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். கேபிள்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மட்டை விழுந்து அறுவதும் அணில் கடிப்பதும் அவர்களுக்கு அன்றாடம், வந்து ஒட்டிவிட்டுப் போக ஆளும் இருக்கிறார். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

பள்ளம் சாத்தியமில்லாத சூழலும் உண்டு: நடுவில் பாறை இருக்கலாம், பிறர் நிலமோ பொதுப்பாதையோ குறுக்கிடலாம். அப்போது 5 ஜிகாஹெர்ட்ஸ் திசை ஆண்டெனாக்கள் இரண்டை வாங்கி, ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தலாம். டிபி-லிங்க், யுபிக்விட்டி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சிறிய கருவிகளை விற்கின்றன. இந்தியாவில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைகள் 2018-இல் விரிவாக உரிமம் தேவையற்றவையாக அறிவிக்கப்பட்டுவிட்டன; நிர்ணயித்த சக்தி வரம்புக்குள் இருக்கும் வரை அனுமதி வாங்க வேண்டியதில்லை. ரேடார் வரும்போது விலகிக்கொள்ள வேண்டிய சேனல்களைத் தவிர்த்து, 149 முதல் 161 வரையுள்ள சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரு முனைகளும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய வெள்ளரிக்காயைப் போன்ற ஒரு வெளி அதற்குத் தேவை. 70 மீட்டர் தூரத்தில் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த வெளியின் ஆரம் நடுவில் ஏறத்தாழ ஒரு மீட்டர். வளர்ந்த தென்னந்தோப்பு இதற்கு ஒரு வகையில் வாய்ப்பானது: ஓலை எல்லாம் உயரத்தில் இருக்கிறது, கீழே இரு வரிசைகளுக்கு நடுவில் 25 அடி அகலத்துக்கு வெற்றுச் சந்து. 10 அடி உயரத்தில், வரிசையின் போக்கிலேயே ஆண்டெனாக்களை வைத்தால் தடையே இல்லை. ஆனால் உங்கள் பகுதியில் ஊடுபயிராகக் கோகோவும் ஜாதிக்காயும் நட்டிருப்பார்கள். அவை சரியாக அந்த உயரத்தில்தான் தழைக்கும். நனைந்த இலை 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கடுமையாக உறிஞ்சும் என்பதால், வெயிலில் நன்றாக ஓடிய இணைப்பு முதல் மழையில் படுத்துவிடும். இளங்கன்றுகள் உள்ள தோப்பானால் இந்த முறையை மறந்துவிடுங்கள். ஆண்டெனாவைக் கூரை உச்சியில் கம்பம் நட்டு உயர்த்துவது மின்னலை அழைப்பதற்குச் சமம். சுவரின் பக்கவாட்டில், கூரை விளிம்புக்குக் கீழே பொருத்துங்கள்.

அறைக்குள் வந்த இணையத்தைப் பகிர்வது எளிய வேலை. பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் போதும். அதை, வைஃபையைப் பரப்புவதை மட்டும் செய்யும் அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டரானால் கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, முகவரியை வீட்டு ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி (வீட்டில் 192.168.1.1 என்றால் இங்கே 192.168.1.2), கன்வெர்ட்டரிலிருந்து வரும் கேபிளை வேன் துளையில் (வெளி இணையம் வந்து சேரும் துளை) அல்லாமல் லேன் துளையில் செருகுங்கள். வேன் துளையில் செருகினாலும் இணையம் வரும். ஆனால் அறை தனி வலையமைப்பாகிவிடும், வீட்டிலுள்ள பிரிண்டரும் கேமராவும் எளிதில் அகப்படாது, சில அலுவலக வி.பி.என்.களும் முரண்டு பிடிக்கும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வீட்டில் உள்ளவையாகவே இருக்கட்டும். நீங்கள் நாள் முழுவதும் அமரும் மேசைக்கு வைஃபையை நம்பாமல் ஒரு சிறு கேபிளை இழுத்து மடிக்கணினியில் நேராகச் செருகிவிடுவது எப்போதும் மேல்.

ஃபைபர் மின்சாரத்தைக் கொண்டுவராது என்பது அதன் ஒரே குறை. மின்தடை வந்தால், வீட்டிலுள்ள ஓ.என்.டி., ரவுட்டர், கன்வெர்ட்டர் மூன்றும், அறையிலுள்ள கன்வெர்ட்டரும் அக்சஸ் பாயிண்டும் ஒருசேர உயிரோடிருக்க வேண்டும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ். இரு முனைகளிலும் ஒவ்வொன்று வையுங்கள். ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 5 வோல்ட், ஆகவே இரண்டு வெளியீடும் உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டு முனையில் இன்வெர்ட்டர் இருந்தாலும், மின்சாரம் மாறும் அந்தக் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழாமலிருக்க இது உதவும்.

எல்லாம் முடிந்ததும், அறையில் கேபிள் செருகிய மடிக்கணினியிலிருந்து வீட்டு ரவுட்டரின் முகவரிக்கும் வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் ஒரே நேரத்தில் இரண்டு சாளரங்களில் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) ஓட விடுங்கள். வீட்டு ரவுட்டரிடமிருந்து ஒன்றிரண்டு மில்லிவினாடிக்குள், ஒன்றுகூடத் தவறாமல் பதில் வர வேண்டும். அதில் தவறினால் முனைகளைத் துடைத்து, ஒட்டுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது சீராக இருந்து வெளி முகவரிக்கு மட்டும் பதில் அறுந்தால், கோளாறு உங்கள் தோப்பில் இல்லை. இந்தச் சோதனையை இன்றைக்கே வீட்டுக்குள் ரவுட்டருக்கு அருகில் ஒரு முறை செய்துபார்த்துவிட்டுப் பள்ளம் தோண்ட ஆள் சொல்லுங்கள்; கூட்டங்கள் அறுவதற்கு இணைய நிறுவனத்தின் பாதையும் ஒரு காரணமாக இருந்தால், அந்தப் பதிவைக் காட்டி அவர்களிடம் முறையிடலாம், அதை எந்தக் கேபிளாலும் சரிசெய்ய முடியாது.